எனக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்டார் அப்பா

"என்னம்மா படிக்கிறே?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். சுகாதாரக் கல்வியும் நலவாழ்வு மேம்பாடும் என்று முழுப் பெயரையும் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் பேசாமல் இருப்பார், அப்புறம் மூன்றில் ஒன்று நடக்கும். டாக்டருக்குப் படிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு முழங்கால் வலியில் ஆரம்பிப்பார் (சித்தி ஒருமுறை ஸ்கேன் ரிப்போர்ட்டையே வாட்ஸப்பில் அனுப்பி, "பார்த்துச் சொல்லு, அவசரமில்லை" என்றாள்). இல்லையென்றால் நர்ஸ் என்று நினைப்பார். இல்லையென்றால் ஜிம்மில் வேலை என்று முடிவு செய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுவார். இவர்களை எல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். "கை கழுவணும், காய்கறி சாப்பிடணும், நடக்கணும், நேரத்துக்குத் தூங்கணும், இதைச் சொல்றதுக்கு எதுக்கும்மா பட்டப்படிப்பு?" என்று கேட்பவர்களிடம்தான் பல நாள் பதில் இல்லாமல் நின்றிருக்கிறேன். ஏனென்றால் சேரும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். சுலபமான படிப்பு, நல்ல காரியம், போஸ்டர் வரையலாம் என்று.

இப்போது கடைசி வருடம். களப்பயிற்சி முடிந்து அறிக்கையையும் கொடுத்துவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் செமஸ்டரில் எங்களுக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு துண்டறிக்கை. தலைப்பு நம் இஷ்டம். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அப்பா 30 வருடமாகப் புகைக்கிறார். கறுத்துப்போன நுரையீரல் படம் ஒன்று, அதற்கு மேலே சிவப்பில் பெரிய எழுத்து, புகையில் இருக்கும் ரசாயனங்களின் பட்டியல், கடைசியில் "இன்றே நிறுத்துங்கள்". மதிப்பெண் நன்றாகவே வந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பா கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக, உண்மையிலேயே ஒரு வரி விடாமல், கடைசி வரைக்கும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏம்மா, இதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கானே, எனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றார்.

கோபமாகக்கூட இல்லை. நிஜமான சந்தேகம் மாதிரிதான் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வகுப்பில் ஒரு பழைய கதை சொன்னார்கள். 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பியது. காசு கிடையாது, தூரம் போகவேண்டியதில்லை, கூட்டம் வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அங்கே வேலை பார்த்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய சமூக உளவியலாளர்கள், மக்களுக்கு அறிவில்லை என்று முடித்துவிடாமல், வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் மனதுக்குள் என்ன வித்தியாசம் என்று தேடினார்கள். அதிலிருந்துதான் 'உடல்நல நம்பிக்கை மாதிரி' (ஹெல்த் பிலீஃப் மாடல்) என்று நாங்கள் தேர்வுக்கு உருப்போடும் சமாசாரம் வந்தது. இந்த நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், நீங்கள் சொல்வதைச் செய்தால் என்ன லாபம், செய்வதற்கு என்ன இடைஞ்சல், செய்யத் தூண்டும்படி ஏதாவது கண்ணில் பட்டதா. மனிதன் இதையெல்லாம் தனக்குள் எடைபோட்டுப் பார்க்கிறான் என்பது அவர்கள் சொன்னது. பிறகு 1988-ல் ரோசன்ஸ்டாக்கும் அவரோடு இருந்தவர்களும் இன்னொன்றையும் அதில் சேர்த்தார்கள்: என்னால் இது முடியுமா. இதைத் தன்திறன் நம்பிக்கை என்கிறோம், ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதிய கருத்து அது.

என் துண்டறிக்கையை எடுத்து இந்தக் கேள்விகளுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு கேள்விக்குத் தலையில் அடித்த மாதிரி பதில் இருக்கிறது. இடைஞ்சல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடியுமா என்பது பற்றி அரை வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் போன் செய்து, "அப்பா, எப்பவாவது விட்டுப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை வீட்டில் யாருமே கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. ரெண்டு தடவை என்றார். ஒரு தடவை 11 நாள், இன்னொரு தடவை கிட்டத்தட்ட 2 மாதம். "எங்ககிட்ட சொல்லவே இல்லையே?" "சொல்லிட்டுத் தோத்துப்போனா நீங்க எல்லாம் சிரிப்பீங்க."

அவ்வளவுதான். என் கறுப்பு நுரையீரல் படத்துக்கு அங்கே வேலையே இல்லை. பயமுறுத்துவது பற்றிப் பின்னால் தனியாகவே படித்தோம். ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இருவர் 1953-ல் பள்ளி மாணவர்களுக்குப் பல் சுத்தம் பற்றி மூன்று விதமாக உரை கேட்க வைத்தார்கள், லேசான பயம், நடுத்தரம், அழுகிய ஈறு படங்களோடு பயங்கரம் என்று. பயங்கரத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம் கலங்கினார்கள், பழக்கத்தை மாற்றிக்கொண்டதும் அவர்கள்தான் குறைவு. இதை வைத்துப் பயம் வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது, பின்னால் வந்த ஆராய்ச்சிகள் விஷயத்தை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தன. கிம் விட்டி 1992-ல் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும்: பயத்தோடு கூடவே 'இதைச் செய், உன்னால் முடியும்' என்ற வழியும் கையில் இருந்தால் மனிதன் ஆபத்தைச் சமாளிக்கப் பார்ப்பான், வழி இல்லாவிட்டால் பயத்தைச் சமாளிக்கப் பார்ப்பான். பயத்தைச் சமாளிப்பது என்றால் படத்தைத் திருப்பி வைப்பது, பேச்சை மாற்றுவது, பெட்டியிலேயே போட்டிருக்கானே என்பது.

சரி, கோட்பாடுகள் எல்லாம் அருமை என்று நினைத்துவிட வேண்டாம். புரோசாஸ்கா, டிக்ளெமென்டே இருவரும் புகைப்பதை விட்டவர்களை ஆராய்ந்து சொன்ன கட்டங்கள் இருக்கின்றன, நினைத்தே பார்க்காத கட்டம், யோசிக்கும் கட்டம், தயாராகும் கட்டம், செய்யும் கட்டம், விடாமல் தொடரும் கட்டம். படிக்கும்போது அப்படியே கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கும், வகுப்பில் எல்லோரும் தன் வீட்டு ஆட்களை ஒவ்வொரு கட்டத்திலும் உட்கார வைத்துப் பார்த்தோம். ஆனால் 6 மாதத்துக்குள் விடும் எண்ணம் இருந்தால் ஒரு கட்டம், 30 நாளுக்குள் என்றால் வேறு கட்டம் என்று கோடு போட்டது யார், ஏன் அங்கே போட்டார்கள்? 2005-ல் ராபர்ட் வெஸ்ட் என்ற ஆய்வாளர் இந்த மாதிரியை ஓய்வெடுக்க அனுப்பிவிடலாம் என்றே எழுதினார். எங்கள் பேராசிரியை ஒரே வகுப்பில் முதல் பாதியில் அதைக் கற்றுக்கொடுத்து, மறுபாதியில் அதைக் கிழித்துப் போட்டார். எனக்கு இந்தப் படிப்பில் பிடித்தே போனது அந்த நாளில்தான் என்று நினைக்கிறேன். தேர்வில் மட்டும் கட்டங்களை வரிசை தப்பாமல் எழுதச் சொல்லி 10 மதிப்பெண் கேள்வி வந்தது, அது வேறு கதை.

புள்ளியியலைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும், சேர நினைக்கும் பிள்ளைகள் யாராவது படிக்கலாம். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். உயிர்ப்புள்ளியியல், நோய்ப்பரவியல் இரண்டும் கட்டாயம். முதல் தடவை நான் உயிர்ப்புள்ளியியலில் ஜஸ்ட் பாஸ். ஆனால் நோய்ப்பரவியல் மாதிரி சுவாரசியமான பாடம் இன்னொன்று கிடையாது, துப்பறியும் கதை மாதிரிப் போகும். 1854-ல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செத்தவர்களின் வீடுகளைக் குறித்துக்கொண்டே போய் ப்ராட் ஸ்ட்ரீட் தண்ணீர் பம்பைக் கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்ற வைத்தார், காலரா நின்றது. இப்படித்தான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, தினசரி எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வந்தது என்ற வரைபடத்தைப் போட்டுக் காட்டினார்கள். கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே எண்ணிக்கை மளமளவென்று இறங்கத் தொடங்கிவிட்டது, நிறையப் பேர் அந்தப் பகுதியை விட்டே ஓடிப்போயிருந்தார்கள். ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். பம்பில் கோளாறு என்று அவர் சொன்னது சரி. கைப்பிடியைக் கழற்றியதால்தான் நின்றது என்பதை மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 'நாங்கள் இதைச் செய்தோம், அதற்குப் பிறகு இது குறைந்தது' என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் இப்போது எனக்கு அந்தப் பம்பு ஞாபகம் வருகிறது.

இரண்டாம் வருடத்தில்தான் அடி விழுந்தது. அதுவரைக்கும் ஒரு மனிதன், அவன் மனசு, அவன் பழக்கம் என்றே போய்க்கொண்டிருந்த பாடம் திடீரென்று கேமராவைத் தூரமாக எடுத்துக்கொண்டு போனது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை வைத்து நடத்திய ஒயிட்ஹால் ஆய்வு 1967-ல் தொடங்கியது, மைக்கேல் மார்மட் பின்னால் அதில் சேர்ந்து அதன் முடிவுகளை எழுதினார். எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் அரசின் இலவச மருத்துவம். பட்டினி கிடப்பவர் யாரும் இல்லை. இருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைப்போல ஏறத்தாழ 3 மடங்கு. அதுகூடப் பரவாயில்லை, நடுவில் இருப்பவர்கள் நடுவில் இருந்தார்கள், படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு படிக்கும் ஒரு வித்தியாசம். கீழே இருப்பவர்கள் அதிகம் புகைத்தார்கள் என்பதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. இதய நோய் அவசரத்தில் ஓடும் பெரிய அதிகாரிகளுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு ஆள் எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் ஒரு நோய்க்காரணம் என்று ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது.

அதே வருடம் ஒட்டாவா சாசனம், நலவாழ்வை மேம்படுத்த என்னென்ன செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் வெளியிட்ட அறிக்கை. 1986 நவம்பர் 21, கனடா. எங்கள் துறையில் இது மந்திரம் மாதிரி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம்: ஆரோக்கியமான பொதுக் கொள்கை, ஆதரவான சூழல், சமூகத்தின் கூட்டுச் செயல், தனிநபர் திறன்களை வளர்த்தல், மருத்துவச் சேவைகளின் போக்கைத் திருப்புதல். ஐந்து. இதில் ஒன்றே ஒன்றுதான் தனிமனிதனுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஒருநாள் போரடித்துப்போய் அதுவரைக்கும் நாங்கள் செய்த செய்முறை வேலைகளை இந்த ஐந்தில் எது எதில் வரும் என்று பிரித்துப் பார்த்தேன். துண்டறிக்கை, போஸ்டர், குறும்படம், உரை, பாடத்திட்டம், இன்னொரு போஸ்டர். எல்லாம் அந்த ஒன்றில். மற்ற நான்கும் தேர்வுத்தாளில் மட்டும். இந்த நோய்க்கு எங்கள் துறையிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள், 'வாழ்க்கைமுறைச் சறுக்கல்' என்று சொல்லலாம்: சமூகக் காரணங்களிலிருந்து பேச ஆரம்பித்து, திட்டம் போடும்போது மட்டும் சறுக்கிக்கொண்டே வந்து கடைசியில் 'நீ தினமும் நட' என்பதில் வந்து விழுவது. தெரிந்தே சறுக்குகிறோம். நடக்கச் சொல்வது மலிவு, யாருக்கும் கோபம் வராது, போட்டோ எடுக்க வசதி.

நலவாழ்வு என்ற சொல்லைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 1948 வரையறை, ஆரோக்கியம் என்பது வெறும் நோயில்லாமை இல்லை, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையான நல்வாழ்வு என்கிறது. அழகான வாக்கியம். 'முழுமையான' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் உலகத்தில் ஆரோக்கியமானவர் யாருமே தேறமாட்டார். 2011-ல் ஹூபர் என்ற டச்சு மருத்துவரும் கூட்டாளிகளும், வருவதற்கு ஈடுகொடுத்துத் தன்னைப் பார்த்துக்கொள்ளும் திறனே ஆரோக்கியம் என்று மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள், எனக்கு அது கொஞ்சம் ஒட்டுகிறது, நீரிழிவோடு 30 வருடம் சிரித்துக்கொண்டு வாழும் ஆளுக்கு அதில் இடம் இருக்கிறது. பில் ஹெட்லர் 1976-ல் போட்ட ஆறு பரிமாணங்கள், உடல், உணர்ச்சி, அறிவு, சமூகம், தொழில், ஆன்மிகம், அதையும் படித்தோம். ஒவ்வொன்றுக்கும் நமக்கு நாமே மதிப்பெண் போட்டுச் சக்கரம் வரைய வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம், தூக்கத்தின் முக்கியத்துவம் பற்றிய கட்டுரையை முடிக்க மூன்று ராத்திரி தூங்காமல் இருந்துவிட்டு, சிவந்த கண்ணோடு நான் வரைந்த சக்கரம் உருளவே உருளாது. மற்றபடி நலவாழ்வு என்ற பெயரில் மாத்திரையும் பொடியும் விற்பவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் உறவுக்காரர்கள் காதில் ஏறுவதில்லை.

களப்பயிற்சிக்கு வருகிறேன்.

எங்கள் நாலு பேரை ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே துப்புரவு வேலை பார்க்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது, விடுப்பு எடுக்கிறார்கள், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தித் தாருங்கள் என்பது நிர்வாகத்தின் வேண்டுகோள். நியாயமான விஷயம்தான், ஆதாரமும் இருக்கிறது: 2018-ல் வெளியான ஒரு சோதனையில், குறைவாகத் தண்ணீர் குடிக்கிற, நீர்க்கடுப்பைக் கொண்டுவரும் சிறுநீர்ப்பாதைத் தொற்று அடிக்கடி வருகிற 140 பெண்களில் பாதிப் பேரைத் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள், ஒரு வருடத்தில் அவர்களுக்குத் தொற்று வந்த தடவைகள் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. நாங்கள் ஸ்லைடு போட்டோம், கேள்வித்தாள் தயாரித்தோம், உற்சாகமாகக் கிளம்பினோம்.

கேள்வித்தாள்தான் முதலில் கவிழ்ந்தது. 'நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் அருந்துகிறீர்கள்?' என்று கேட்டிருந்தோம். தண்ணீரை யார் லிட்டரில் குடிக்கிறார்கள்? எல்லோரும் ஆளுக்கு ஒரு பாட்டில் வைத்திருந்தார்கள், அரை பாட்டில், ஒரு பாட்டில் என்றுதான் அவர்களுக்குக் கணக்கு. 'சிறுநீர்ப்பாதைத் தொற்று ஏற்பட்டதுண்டா?' என்ற கேள்விக்கு நிறையப் பேர் இல்லை என்று குறித்திருந்தார்கள். நீர்க்கடுப்பு என்று வாயால் கேட்டதும் ஏறக்குறைய எல்லாத் தலையும் ஆடியது. இதில் ஒரு வேடிக்கை, எழுதுவது எளிதாக இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சூத்திரம் ஆங்கிலத்துக்கு 1969-ல் செய்யப்பட்டது, மூன்றும் அதற்கு மேலும் அசை உள்ள சொற்களை எண்ணிப் பார்த்தால் போதும். தமிழில் 'போகவேண்டியிருந்ததால்' என்பதே ஒரு சொல். அந்தக் கணக்குப்படி என் பாட்டி பேசுவது முதுகலைப் பாடம். அதனால் சூத்திரத்தை விட்டுவிட்டு, படித்துக் காட்டிவிட்டு "நீங்க புரிஞ்சுக்கிட்டதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கக்கா" என்று கேட்பதுதான் வழி. எங்கள் தாளை முன்னோட்டம் பார்க்காமல் எடுத்துப்போனது முழுக்க எங்கள் தப்பு. 'தினமும் போதுமான நீர் குடிக்கிறேன்' என்ற 14-வது கேள்விக்கு எல்லோரும் 'முற்றிலும் உண்மை' என்று டிக் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் குழுக் கலந்துரையாடல். வட்டமாக உட்கார்ந்தோம், மேற்பார்வையாளரும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், 20 நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் அணியில் ஒருத்தி ஏதோ கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அவரை அலுவலக அறைக்கு அழைத்துப் போனாள், இன்றைக்கும் அதற்காக அவளைக் கும்பிடுகிறேன். கதவு சாத்தியதும், மூத்தவராகத் தெரிந்த ஒரு அக்கா என் கையில் இருந்த ஸ்லைடு அச்சுப்பிரதியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி குடிக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா கண்ணு? குடிச்சா போகணும். எங்கே போறது?"

எனக்கு அந்த இடத்தில் அப்பா ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு மாடியிலும் அவர்கள் கழுவித் துடைக்கும் கழிப்பறை அலுவலக ஊழியர்களுக்கு மட்டும். இவர்களுக்கு உள்ளது கட்டடத்தின் அடித்தளத்தில், லிஃப்டில் பொருள் ஏற்றும் நேரத்தில் இவர்கள் ஏறக்கூடாது, படியில் இறங்கிப் போய் வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நேரம் ஆளைக் காணவில்லை என்றால் கேள்வி வரும். அதனால் காலையில் வீட்டில் ஒரு வாய், மதியம் சாப்பாட்டோடு அரை பாட்டில், அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான். மாதவிடாய் நாட்களில் எப்படி என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே இன்னொரு பெண் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

லாரன்ஸ் கிரீன் 1974-ல் கொடுத்த திட்டமிடும் முறையைப் படித்தபோது அது எனக்கு வெறும் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாகத்தான் தெரிந்தது. முடிவிலிருந்து பின்னோக்கி வரவேண்டும், ஒரு பழக்கத்துக்குப் பின்னால் மூன்று வகைக் காரணிகள் இருக்கின்றன, மனதைத் தயார்ப்படுத்துபவை, செய்ய இயலச் செய்பவை, செய்ததை உறுதிப்படுத்துபவை. அன்று ராத்திரி அந்தப் பெட்டிகளை வரைந்து அக்காக்கள் சொன்னதை நிரப்பினோம். முதல் பெட்டி கிட்டத்தட்ட நிறைந்தே இருந்தது, அவர்களுக்கு அறிவு இருக்கிறது, அக்கறை இருக்கிறது, வலி இருக்கிறது. இரண்டாவது பெட்டி காலி. மூன்றாவதில் தண்டனை மட்டும். நாங்கள் ஸ்லைடு போட்டது ஏற்கெனவே நிறைந்திருந்த பெட்டிக்கு.

ஆக, நிகழ்ச்சியை விட்டுவிட்டு நிர்வாகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினோம். மாடிக்கு ஒரு கழிப்பறை இவர்களுக்கும் திறக்க வேண்டும், காலையில் ஒரு பத்து நிமிடம், மதியத்துக்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் இடைவேளை வேண்டும், விடுப்பு நாட்களால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு மனுஷி சிறுநீர் கழிப்பதற்கு லாப நட்டக் கணக்கு காட்ட வேண்டுமா என்று இருந்தது, ஆனால் வழிகாட்டியாக இருந்த பேராசிரியை, "படிக்கிறவங்க யாரோ அவங்க மொழியில எழுது, உன் கோபத்தை டைரியில எழுது" என்றார். இந்தப் படிப்பில் வாதாடுவது என்று ஒரு பாடமே உண்டு. அதில் எனக்குக் கிடைத்த மொத்த ஞானம் இந்த ஒரு வரிதான்.

மூன்று வாரம் கழித்து, இரண்டு மாடிக்கு ஒரு கழிப்பறை என்று ஒத்துக்கொண்டார்கள். இடைவேளை பற்றிப் பதிலே வரவில்லை. கூடவே, நாங்கள் முதலில் அனுப்பியிருந்த ஸ்லைடிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, 'தண்ணீர் அதிகம் குடிப்போம், நலமுடன் வாழ்வோம்' என்று வண்ணத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, எல்லாக் கழிப்பறையிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். மின்னஞ்சலில் போட்டோவும் வந்தது. எங்கள் நாலு பேர் பெயரும் அடியில் இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பின்தொடர்தல் மதிப்பீட்டுக்குப் போனோம். 14-வது கேள்வியைத் தூக்கிவிட்டோம். பாட்டில் படம் போட்டு, எதுவரைக்கும் காலி ஆகிறது என்று கோடு போடச் சொன்னோம், மேற்பார்வையாளரை வெளியே காத்திருக்கச் சொல்லும் தைரியமும் இப்போது இருந்தது. கோடுகள் முன்பு சொன்னதைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தன, அதாவது கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறார்கள். நீர்க்கடுப்பு குறைந்ததா என்றால், சில பேர் குறைந்தது என்றார்கள், ஆனால் எங்களிடம் ஒப்பிட வேறு குழு இல்லை, ஆட்கள் மிகக் குறைவு, நடுவில் வெயில் காலம் வேறு முடிந்துவிட்டது. பம்பின் கைப்பிடி கதைதான். அறிக்கையில் 'முடிவு சொல்ல இயலாது' என்று எழுதியபோது, மூன்று வருடத்துக்கு முந்தின நானாக இருந்தால் 'மாபெரும் வெற்றி' என்று எழுதியிருப்பேன் என்று தோன்றியது.

கிளம்பும்போது அந்த மூத்த அக்கா படிக்கட்டு வரைக்கும் கூட வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றேன்.

"அந்தப் போஸ்டரை எடுத்துடச் சொல்ல முடியுமா கண்ணு? தண்ணி தெறிச்சு தெறிச்சு கறை பிடிக்குது. தினம் அதையும் சேர்த்து நாங்கதான் துடைக்கிறோம்."